மட்டை நானாவும் வாசல் கமராவும்

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, நாங்கள் வேலை செய்யும் இறால் பண்ணையின் பம்பு அறையில் என் மகன் ஜூட்டை மின்சாரம் தூக்கி எறிந்தது. அன்று வாசலில் மட்டை நானாவைத் தவிர உலகத்தின் வேறெந்தக் காவலாளி நின்றிருந்தாலும் இன்று எனக்கு மகன் இல்லை.

இலக்கத்தகட்டை வாசித்து, பதிவான வாகனங்களுக்கு மட்டும் கேட்டைத் திறக்கும் கமரா பண்ணைக்கு வந்தபோது, நானா அதற்கு 'மருமகன்' என்று பெயர் வைத்து, என்னிடம் சொன்னார்:

"வந்த அண்டைக்கே ஊட்டுச் சாவிய வாங்கிட்டான், பாத்தீங்களா மிஸ்?"

உண்மைதான். கேட்டைக் கையால் திறக்கும் சாவியை முகாமையாளர் எடுத்துப் பூட்டி வைத்துவிட்டார். ஆனாலும் உப்புக் காற்று கண்ணாடியை மறைத்துவிடும் என்று, தினமும் காலையில் ஏணி வைத்து ஏறி மருமகனின் கண்ணைத் துடைத்துவிடுவார் நானா.

பின்னேரத் தேநீருக்கு, பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிச் சாமான் விற்க வரும் பாண் ஆட்டோவை மருமகன் உள்ளே விடவில்லை. பணிஸ் இல்லாமல் மூன்று நாள் பொறுத்த நானா, நான்காம் நாள் வெள்ளை மட்டையொன்றில் முகாமையாளருடைய காரின் இலக்கத்தை எழுதி, ஆட்டோவின் முன்னால் பிடித்தார். கேட் மரியாதையாகத் திறந்தது.

அரை மணித்தியாலத்தில் முகாமையாளர் வந்தார். கேட் அசையவில்லை. உள்ளே இருக்கிற வாகனம் மறுபடி உள்ளே வர முடியாதாம்.

"சேர், நீங்க உள்ளுக்குத்தான் இரிக்கிறீங்களாம்."

"விசரா உனக்கு? நான் இங்க நிக்கிறன்!"

"எனக்கு வெளங்குது சேர். மருமகன்தான் நம்புறான் இல்ல."

கமராவில் பிழை என்று எழுதி, விடயத்தை முடித்தார்கள். வெளியே போகும் எந்த வண்டிக்கும் கேட் தானாகத் திறக்கும் என்றாலும், அதன்பின் பாண் ஆட்டோ வெளியே போகும்போதும் நானா மறக்காமல் மட்டையைக் காட்டினார். முகாமையாளரும் கணக்கில் வெளியே போய்விடுவார்.

அந்த இரண்டு நாற்பதுக்கு முகாமையாளர் புத்தளம் போயிருந்தார். பண்ணையில் ஒரு வாகனமும் இல்லை. பம்பு அறையோ குளங்களைத் தாண்டி அரை மைல் உள்ளே. நான் கத்திக்கொண்டு ஓடியபோது, தூரத்தில் பாண் பாட்டுக் கேட்டது. நானா மட்டையோடு வீதிக்கே ஓடினார். ஆட்டோ உள்ளே வந்தது. பாண் தட்டுகளைக் கழற்றி எறிந்து, பேச்சுமூச்சற்ற என் பிள்ளையைக் கிடத்தினோம். பாட்டை நிறுத்த எவருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிவரை அது பாடிக்கொண்டே வந்தது. இப்போதும் எங்கள் தெருவில் அந்தப் பாட்டுக் கேட்டால், ஜூட் வீட்டில் இருக்கிறானா என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

போகும்போது மட்டையைக் காட்ட நானா மறந்துவிட்டார். நான்கு மணிக்குத் திரும்பிய முகாமையாளருக்குக் கேட் திறக்கவில்லை. நானாவே மட்டையை அவரிடம் தூக்கிக் காட்டி, நடந்ததைச் சொன்னாராம்.

"பாதுகாப்பு எண்டா என்னெண்டு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சேர். புள்ள உசிரோட போயிட்டான்."

அன்றே வேலை போனது. ஜூட் எழுந்து நடந்ததும் முதலில் நானாவைத்தான் பார்க்கப் போனான். நானா கேட்டது ஒன்றே ஒன்று: "மருமகன்ட கண்ண யாரும் தொடைக்கிறாங்களா மகன்?"

போன கிழமை நானாவின் நெஞ்சு நின்றுபோனது. உடலைக் கிடத்தியிருந்த மையித்து வீட்டில் பாண்காரத் தம்பியும் ஜூட்டும் அருகருகே தலைகுனிந்து இருந்தார்கள். மையித்தைத் தூக்கப் போகும் நேரத்தில் முகாமையாளரின் கார் வந்து நின்றது. இறங்கியவர் வாசல் படலையைத் தாண்டாமல் அங்கேயே நின்றார்.

நானாவின் தம்பி போய் அவருடைய கையைப் பிடித்தார்.

"உள்ளுக்கு வாங்க சேர். எங்கட நானா யாரையும் வாசல்ல நிப்பாட்டி வச்ச ஆள் இல்ல."