மீசைத் துரை செத்த கதை

மூன்று வாரமாகக் கொலைகாரன் என்று கோவிந்தன் சொல்லிவந்த மீசைத் துரை, நாலாம் வாரம் திரையில் கதாநாயகனின் காயத்துக்குக் கட்டுப் போட்டான். அதுவும் தன் சட்டையைக் கிழித்து.

கொட்டகையில் இருந்த இருநூறு பேரும் கோவிந்தனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தைத் திடலில் போட்ட கூடாரக் கொட்டகை அது. சேலத்தில் படம் பேச ஆரம்பித்திருந்தது. இங்கே இன்னும் ஊமைப் படம்தான். பெங்களூரிலிருந்து பெட்டியில் வரும் சீமைப் படத்துக்குத் திரையோரம் நின்று தமிழில் கதை சொல்வது கோவிந்தனின் வேலை. இங்கிலீஷ் எழுத்து அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதே கதையைத்தான் சொல்லியிருப்பான்.

படம் பன்னிரண்டு வாரத் தொடர். கறுப்பு முகமூடி போட்ட ஒருவன் ஓடும் ரயில் மேல் குதிக்கிறான், மாடிக்கு மாடி தாவுகிறான். அவனுடைய அப்பாவை முதல் வாரமே யாரோ சுட்டுவிட்டார்கள். யார் என்று படம் காட்டவில்லை. கோவிந்தன் காட்டினான்.

"இதோ வர்றானே மீசைத் துரை, இவன்தான் கொன்னவன். எதுக்குக் கொன்னான்? ஏரி மதகை அடைச்சு, கீழ் வயலுக்குப் போற தண்ணியைத் தன் தோப்புக்குத் திருப்பிக்கிட்டான். தட்டிக் கேட்டாரு பெரியவரு. சுட்டுட்டான்."

படத்தில் ஏரியும் இல்லை, மதகும் இல்லை. ஆனால் அந்தத் தொந்தியும் மீசையும் ஊர்ப் பெரிய பண்ணைக்காரர் மாதையனுக்கு அப்படியே பொருந்தின. மதகை அடைத்தவரும் அவர்தான். கோவிந்தனின் ஒரு ஏக்கரோடு கீழ்த்தெருக்காரர்களின் கீழ் வயல் முழுவதிலும் இரண்டு வருஷமாக நெல் கருகிக்கொண்டிருந்தது. அவன் போட்ட மனுவுக்குத் தாசில்தார் ஒரே பதில்தான் சொல்லியிருந்தார்: "நான் விசாரணைக்கு வரும்போது பத்துப் பேர் வந்து என் எதிரில் சொல்லட்டும்."

அந்தப் பத்துப் பேர்தான் கிடைக்கவில்லை. மாதையன் பேரைச் சொன்னாலே ஆட்களுக்கு இருமல் வந்தது. அதனால்தான் கோவிந்தன் கதையை இப்படித் திருப்பினான்.

பலன் முதல் வாரமே தெரிந்தது. கடலை விற்கும் குள்ளம்மாள் எழுந்து நின்று, தரை மணலை இரண்டு கையாலும் அள்ளித் திரையில் தூற்றினாள். "நாசமாப் போவ. உன் வூட்டுல வெளக்கேத்த ஆளில்லாமப் போவ."

ஒருவனுடைய வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிச் சபிப்பது அந்தப் பக்கத்தில் கொலைக்குச் சமம். மாதையன் வாசலில் அதைச் செய்ய யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. திரையில் செய்ய எல்லாருக்கும் வந்தது.

இப்போது அந்தத் துரை கட்டுப் போடுகிறான்.

"அது கட்டா?" என்றான் கோவிந்தன். "மருந்துல வெஷம் வெச்சிருக்கான், பாருங்க."

கூட்டம் மணலை அள்ளியது. தப்பித்தோம் என்று அவன் மூச்சு விட்டான்.

ஐந்தாம் வாரம், விஷம் ஏறியவன் குதிரையோடு ஒரு பள்ளத்தையே தாண்டினான்.

"வெஷம் என்னாச்சுங்க?" என்று கேட்டான் செல்லன். சித்தேரி மலையிலிருந்து சனிக்கிழமை தோறும் இறங்கி வருகிற விவசாயி.

"காட்டுல ஒரு வேரு குடுத்தாங்க. முறிஞ்சுபோச்சு."

"என்னா வேருங்க? எங்க மலையில இல்லாத வேரா?"

பாம்புக்கடிக்கு அந்த வேர் ஆகுமா என்று கேட்க மறுவாரம் ஏழு பேர் மலையிலிருந்து கூடுதலாக வந்தார்கள். கோவிந்தன் அவர்களைப் பார்க்காமல் திரையின் மறுபக்கம் போய் நின்றுகொண்டான்.

ஏழாம் வாரம் துரை கதாநாயகனுக்கு வெள்ளைக் குதிரை கொடுத்தான். "திருட்டுக் குதிரைங்க அது. போலீஸ்ல மாட்டிவுடத்தான்." எட்டாம் வாரம் அதே குதிரையில் போனவனுக்குப் போலீஸ்காரன் சலாம் போட்டான். "போலீஸையும் துரை வாங்கிட்டான்" என்றான் கோவிந்தன். பன்னிரண்டு வாரத்தில் ஒரு கேள்விகூட இல்லாமல் ஜனங்கள் நம்பியது அது ஒன்றைத்தான்.

பத்தாம் வாரம் துரையின் மகளுக்கும் கதாநாயகனுக்கும் மோதிரம் மாற்றினார்கள்.

குள்ளம்மாள் கடலைக் கூடையைக் கீழே வைத்தாள். "மானங்கெட்டவன். அப்பனைக் கொன்னவன் வூட்டுல பொண்ணு கட்டறான். ஏன் கோவிந்தா, இவனை நம்பியா ஏவாரத்தை வுட்டுட்டுப் பத்து வாரமா உக்காந்திருக்கேன்?"

"ஆயா, அது உள்ள நொழையறதுக்கு உபாயம். கடைசி வாரம் பாருங்க. துரை தப்பவே மாட்டான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கடைசி வாரப் பெட்டி இன்னும் பெங்களூரிலேயே இருந்தது.

ஆனாலும் சூட்டோடு சூடாகக் கேட்டுவிட்டான். "படம் முடிஞ்ச திங்கக்கெழமை தாசில்தாரு சாவடிக்கு வர்றாரு. நீங்கெல்லாம் வந்து மதகைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும்."

"வராம?" என்றாள் குள்ளம்மாள். "மொதல்ல இவன் பழி வாங்கட்டும். மொகமூடி போட்டவனே பயந்துட்டான்னா நாங்க எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?"

கூட்டம் அதை ஆமோதித்தது. பன்னிரண்டு பேர் கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார்கள்.

கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் கோவிந்தன் படம் ஓட்டும் மெஷின்காரரைக் கெஞ்சி, படுதாவை இறக்கிப் படத்தை முன்னாலேயே பார்த்தான். அப்பாவைச் சுட்டவன் ஒரு ஒல்லிக் கணக்குப்பிள்ளை. கதாநாயகன் முகமூடியைக் கழற்றி, மீசைத் துரையின் தோளில் சாய்ந்து அழுதான். துரை அவனுக்குக் கண்ணைத் துடைத்துவிட்டான்.

கோவிந்தன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். பிறகு நினைவு வந்தது. நடுவில் ஓரிடத்தில் துரை குதிரையிலிருந்து தவறிச் சரிவில் உருளுகிறான். அடுத்த காட்சியில் எழுந்து தூசி தட்டிக்கொள்கிறான்.

"அண்ணா, அவன் உருண்டதும் மெஷினை நிறுத்திடுங்க."

"மிச்சப் படம்?"

"பிலிம் எரிஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கலாம்."

ஒரு நாட்டுக்கோழிக்கு மெஷின்காரர் சம்மதித்தார்.

அன்று காட்சியில் துரை உருண்டான். "செத்தான்" என்று கத்தினான் கோவிந்தன். திரை இருண்டது. அதன் பிறகு கொட்டகையில் நடந்ததை எந்த மெஷினாலும் காட்ட முடியாது. மணல் மேகமாக எழுந்தது. குள்ளம்மாள் மணலோடு கடலையையும் சேர்த்துத் தூற்றினாள். செல்லன் கூடாரக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். கோவிந்தனைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தெரு முழுக்கக் கறிக்குழம்பு வாசனை.

திங்கட்கிழமை சாவடியில் தாசில்தார் நாற்காலியில் இருந்தார். எதிர்ப் பெஞ்சில் மாதையன், மடியில் குடையோடு.

"எங்கேய்யா உன் பத்துப் பேர்?"

"வந்துட்டே இருக்காங்க எசமான்."

வெயில் உச்சிக்கு வந்தது. வேறு யாரும் வரவில்லை. கோவிந்தன் கீழ்த்தெருவுக்கு ஓடினான். செல்லன் தினை அறுக்க மலையேறிவிட்டான் என்றார்கள். குள்ளம்மாள் வாசலில் கடலை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆயா, கெளம்புங்க. தாசில்தாரு காத்துக்கிட்டிருக்காரு."

"எதுக்கு?"

"மாதையனைப் பத்திச் சொல்றதுக்கு."

அவள் சட்டியைக் கிளறினாள். "அவன்தான் செத்துட்டானே சாமி. உருண்டு வுழுந்ததைக் கண்ணால பாத்தேன். வவுத்தெரிச்சல் எல்லாம் அடங்கிப்போச்சு. ரெண்டு வருசத்துல நேத்துதான் நல்லாத் தூங்குனேன்."

"அது படம் ஆயா. மதகு அடைச்சபடியே இருக்குது."

"இருக்குது. ஆனா முன்ன மாதிரி கோவம் வர மாட்டேங்குதே, நான் என்ன பண்ண?" என்றவள், ஒரு கை கடலையை அவன் கையில் வைத்தாள். "அடுத்த படம் எப்பப் போடறாங்க?"

மற்ற பத்து வீடுகளிலும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்கள்.

அவன் திரும்பி வந்தபோது தாசில்தார் 'சாட்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். சாவடி காலி. கோவிந்தன் கால் போன போக்கில் கொட்டகைக்கு வந்தான்.

அங்கே வண்டிக்காரன் மாரப்பன் ஒரு பாரம் ஆற்று மணலைத் தரையில் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தான்.

"கொட்டகை முதலாளி அனுப்பச் சொன்னாரா?"

"இல்லீங்கண்ணா. இது மாதையன் ஐயா வண்டி. இனிமே வாரம் ஒரு பாரம் ஓசியாவே அடிக்கச் சொல்லிட்டாருங்க. உங்களை வேலையை வுட்டுத் தூக்கவே கூடாதுன்னு முதலாளிகிட்டயும் சொல்லியிருக்காரு."

"எதுக்குடா?"

மாரப்பன் மண்வெட்டியில் சாய்ந்து நின்றான்.

"'கொட்டகையில தூத்தற மண்ணு என் வாசலுக்கு வராதுடா, தாராளமாக் கொட்டு'ன்னாருங்க."