தொட்டி என்று எழுதித் தொலைத்தேன்

எங்கள் ஜில்லாவில் பெய்த மழைக்கெல்லாம் 'இப்படிப் போ, அப்படிப் போகாதே' என்று வழி சொல்லி அனுப்பியவர் ஒரே ஒருவர்தான். வருண பகவான் பெய்வதோடு சரி. மற்றப் பொறுப்பெல்லாம் எங்கள் ஊர் முனிசிபாலிட்டி ஓவர்சியரிடம் இருந்தது. அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது வழங்கவில்லை. ஊருக்கு அவர் 'வாட்டம்'.

தண்ணீர் ஓடுவதற்காகத் தரையில் விடுகிற சரிவு இருக்கிறதே, அந்த வாட்டத்தை விட்டால் அவருக்கு வேறு பேச்சுக் கிடையாது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் 'சௌக்கியமா' என்று கேட்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் விடுவார். அது உருண்டு நிற்கிற மூலையைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார். கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றினால் நாமெல்லாம் அவசரமாகச் சோற்றில் அணை கட்டுவோம். அவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

"இன்னாப்பா, எலைக்கு வாட்டம் தெக்கால இருக்குது, நீ வடக்கால ஊத்துறியே?" என்று பரிமாறுகிறவனைக் கேட்பார்.

ஒரு துக்க வீட்டில் யாரோ, "பாவம், அந்தம்மா மொகமே வாட்டமா இருக்குது" என்று சொல்ல, இவர் திடுக்கிட்டுத் திரும்பி, "எவ்ளோ? அடிக்கு அரை அங்குலம் இருக்குமா?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். நான் அங்கே இல்லை. ஆனால் நம்புகிறேன்.

விதிப் புத்தகம் அவருக்கு மனப்பாடம். தெரு என்றால் என்ன, சந்து என்றால் என்ன, எந்தத் தெரு குடியிருக்க, எந்தத் தெரு தொழிலுக்கு என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். "மழைத் தண்ணி வேற, கழுவுன தண்ணி வேற, தொழில் தண்ணி வேற. பாக்கறதுக்கு மூணும் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். புஸ்தகத்துல மூணுக்கும் ஜாதகமே வேற" என்பார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர்களில் நான்தான் முதல் ஆள். என் தலையில் விடிகிற வரைக்கும்.

நான் அப்போது ஆம்பூர் ரஸ்தாவில் ஒரு தோல் கம்பெனியில் குமாஸ்தா. குடியிருப்புத் தெருவில் ஒரு மனை வாங்கிப் புதிதாக வீடு கட்டிக் குடியேறியிருந்தேன். என் மனைவி சேலத்துப் பக்கம். அவள் ஆசைப்படி நாலு பக்கமும் ஓடு வேய்ந்து, மழை உள்ளே விழுகிற மாதிரி நடுவில் வானம் பார்த்த பள்ளம் விட்டோம். அவர்கள் ஊரில் அதற்குத் தொட்டி என்று பெயர். நானும் முனிசிபாலிட்டி ஆபீசுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில், 'வீட்டின் நடுவில் தொட்டி ஒன்று, பத்தடிக்குப் பத்தடி' என்று அழகான கையெழுத்தில் எழுதித் தொலைத்தேன்.

எங்கள் ஊரில் தொட்டி என்றால் பச்சைக் குழந்தைக்கும் ஒரே அர்த்தம்தான்: தோல் ஊறுகிற தொட்டி. எழுதியவனோ தோல் கம்பெனிக் குமாஸ்தா. சந்தேகத்துக்கு வேறென்ன வேண்டும்?

நோட்டீசு வந்தது. குடியிருப்புத் தெருவில் தோல் தொட்டி கட்டியிருப்பதாகத் தெரிவதால் புதன்கிழமை ஓவர்சியர் வந்து பார்வையிடுவார். உண்மையானால் கட்டடம் இடிக்கப்படும்.

நான் மிகுந்த தைரியசாலி என்பதால் உடனே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து பித்தளைப் பாத்திரங்களைக் கோணியில் கட்ட ஆரம்பித்தேன்.

"இன்னும் இடிக்கவே வரலியே, அதுக்குள்ள எதுக்குங்க மூட்டை?" என்றாள் மனைவி.

"எல்லாம் உன் தொட்டியால வந்தது!"

"தொட்டி என்னுது. எழுதுன கை உங்களுது."

கம்பெனியில் மேஸ்திரி ரஹீம் பாயிடம் ஆறுதல் தேடிப் போனேன். அவர் விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அரே தோஸ்த், வூட்லயே தோல் போட்டுட்டியா? எங்களாண்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு! ஆடா, மாடா?"

"பேஜார் பண்ணாதே பாய், வீடு போவுது."

"இன்னாத்துக்குப் போவுது? வாட்டம் வந்து பாப்பாரு, போவாரு. நீ கம்முனு இரு."

கம்மென்று இருப்பது ஒன்றுதான் எனக்கு வராது. அன்றைக்கே யோசித்தேன். ஓவர்சியர் பார்ப்பது தெருவில் வந்து விழுகிற தண்ணீரைத்தானே? வீட்டிலிருந்து ஒரு சொட்டும் வெளியே வராவிட்டால், தோல் தண்ணீர் என்று எவன் சொல்ல முடியும்? பாத்திரம் கட்டியது போக மிச்சமிருந்த ஒரு கோணியைச் சுருட்டி, அந்தப் பள்ளத்திலிருந்து தெருவுக்குப் போகிற தூம்பில் திணித்து, காலால் உதைத்து இறுக்கினேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ராஜதந்திரம்.

புதன்கிழமை காலையில் பிடித்தது மழை. அப்படியொரு மழையை அந்த வருஷம் நாங்கள் பார்க்கவில்லை. போக வழியில்லாமல் தண்ணீர் முழங்கால் அளவு ஏறியது. அது போதாதென்று, புது ஓட்டைக் கழுவிக்கொண்டு விழுந்த தண்ணீர் கருஞ்சிவப்பாக நின்றது. ஆவாரம்பட்டையில் தோல் ஊறும்போது தொட்டி எப்படி இருக்குமோ, அச்சாக அப்படி. எனக்குத் தைரியம் சொல்ல வந்த ரஹீம் பாய் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க மறந்துபோனார்.

"யா அல்லா! அசல் பட்டைத் தண்ணி மாதிரியே கீதே. தோல் ஒண்ணுதான் கம்மி."

அந்த நேரம் பார்த்து வாட்டம் வந்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொட்டச் சொட்ட வந்தார். குடையை அவர் விரித்து யாரும் பார்த்ததில்லை. அது அவருக்கு அளவுகோல். வந்தவர் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

"தண்ணி நின்னா தொட்டி, போனா வூட்டு முத்தம். இது நிக்குது" என்றார்.

என் வீட்டுச் சுவர்கள் நாலும் ஒரே சமயத்தில் விழுந்த சத்தம் என் காதில் மட்டும் கேட்டது. "சார், அது வந்து சார், எங்க வூட்டுக்காரம்மா சேலம் சார்" என்று ஏதோ உளறினேன்.

அவர் காதில் வாங்கவில்லை. சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டார். தண்ணீருக்குள் இறங்கி மூலையில் மண்டியிட்டார். தாடை வரைக்கும் முழுகக் குனிந்து, ஒரு கையைத் தூம்புக்குள் விட்டுத் துழாவினார். பல்லைக் கடித்து ஒரே இழுப்பு. கோணி வெளியே வந்தது.

"இது யாரு வெச்ச வேலை?"

"எலியா இருக்கும் சார்."

"எலி கோணிய மூணு மடிப்பா மடிச்சு வெக்குமா?"

"எங்க வூட்டு எலி கொஞ்சம் கெட்டிக்கார எலி சார்" என்றேன். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குள் தூம்பு 'களக் களக்' என்றது. தண்ணீர் சுழன்று சுழன்று இறங்கியது. வாட்டம் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல நாதஸ்வரக் கச்சேரிக்கு வந்தவர் போலத் தலை மெல்ல ஆடிற்று. கடைசியில் ஒரு குழியளவு மிஞ்சியபோது, யாரும் எதிர்பார்க்காத காரியம் ஒன்று செய்தார். அந்தச் சிவப்புத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி ஒரு வாய் குடித்தார்.

"சார்!" என்று நாங்கள் மூன்று பேரும் கத்தினோம்.

"தோல் தண்ணின்னா நாக்கு இழுக்கும், துவர்க்கும். இது ஓட்டு மண்ணு. நல்லாத்தான் இருக்குது" என்று வாயைத் துடைத்துக்கொண்டார்.

அவர் ரிப்போர்ட்டை நான் பிறகு ஆபீசில் பார்த்தேன். மூன்றே வரி. 'தண்ணீர் நின்றது, எலியால். பிறகு போயிற்று. குடித்துப் பார்த்தேன், மழை.' விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்த தொட்டியைச் சிவப்பு மையால் அடித்து, மேலே முற்றம் என்று எழுதியிருந்தார். வீடு பிழைத்தது. நான் கட்டிய மூட்டைகளைப் பிரிக்க மட்டும் இரண்டு நாள் ஆயிற்று.

அதன் பிறகு மழை பிடித்தால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்து முற்றத்து விளிம்பில் குந்தி, தண்ணீர் போய் முடிகிற வரைக்கும் பார்த்துவிட்டு எழுந்து போவார். என்ன காணக் கிடைக்கிறது என்று ஆரம்பத்தில் கேலி செய்தேன். பிறகு நானும் பக்கத்தில் குந்த ஆரம்பித்தேன்.

அவரை நெமிலிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே ஏரிகள் ஜாஸ்தி என்று சந்தோஷமாகவே போனார். ஒவ்வொரு ஐப்பசியிலும் முதல் பெருமழைக்கு அவருக்கு ஒரு கார்டு போடுவேன்: 'தண்ணீர் போயிற்று.' மூன்றாம் நாள் பதில் வரும்: 'இங்கேயும்.' அவ்வளவுதான் எங்கள் கடிதப் போக்குவரத்து.

இந்த வருஷம் ஒரு வாரமாகியும் பதில் இல்லை. வயதானவர், முழங்கால் தண்ணீரில் இறங்குகிற ஆள். நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு தபால்காரனைத் தெருமுனை வரைக்கும் போய் மறித்தேன். ரயிலுக்கு நேரம் விசாரித்தேன். ஒன்பதாம் நாள் கார்டு வந்தது. 'இங்கே கொஞ்சம் நின்றது. இப்போது போயிற்று.'

அதைப் படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கிற்று.