மழைச்சட்டையின் மூன்றாவது அசை

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள் அம்மா மேபல், தேங்காய் துருவியபடி.

"ரே-கன்-யாஸ்." கடைசி அசையில் தெரேசா மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். டச்சுக்காரர் மழையையும் சட்டையையும் ஒட்டி ஒரே சொல்லாக்கி இருந்தார்கள். வெளியே கண்டிக் கட்டுக்கலையில் நான்கு நாளாக விடாத மழை.

தெரேசாவின் கணவன் டக்ளஸ் ரொட்டர்டாமில் இருந்தான். கல்யாணத்துக்கு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனவன். அவனிடம் போவதென்றால் கொழும்புத் தூதரகத்தில் தொலைபேசி வழியாக டச்சு பேசித் தேற வேண்டும். பதினாறு புள்ளி தேவை. தெரேசா எடுத்தது பதினைந்து.

டக்ளஸ் தானே பேசிப் பதிந்து ஒரு சீடி அனுப்பினான். "ஒட்டுச் சொல்லை அசை அசையாப் பிரி. கடைசித் துண்டை அழுத்திச் சொல்லு. அங்கதான் நீ கோட்டை விடுற."

இரண்டு மாதம் அழுத்தினாள். பதின்மூன்று வந்தது.

"அழுத்தம் பத்தல்ல," என்றாள் மேபல். மேசைக்குப் பதிலாகத் தகரம் வந்தது. பக்கத்து வீட்டு உம்மு குல்சும் சுவரில் தட்டினாள். தெரேசா பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள்.

"ஏச இல்ல மகள். கடைசியில கொஞ்சம் தளருது. நானும் இங்கால தட்டுறன், நீங்க சொல்லுங்க."

இரண்டு வீடும் சேர்ந்து தட்டியதில் பதினொன்று வந்தது.

"நான் என்ன செய்ய, தெரேசா?" என்றான் டக்ளஸ், தொலைபேசியில். "இந்த முறையும் வரல்லன்னா விட்டுருவோம். ஆண்டவர் சித்தம்."

நான்காம் முறை கொழும்பு ரயிலில் சீடி பிளேயரின் வயரைக் காதில் மாட்டி முணுமுணுத்துக்கொண்டு போனாள். எதிரே திகன ஊர் ஜெஸீமா. இதே பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறியவள். விசா எடுக்கப் போகிறாள்.

"தாங்க பாப்பம்," என்று வயரை வாங்கிக் காதில் வைத்தாள். பேராதனை தாண்டும்வரை கேட்டாள்.

"இவர் எல்லாத்தையும் பின்னுக்கு அழுத்துறாரே. முன்னுக்கெல்லோ அழுத்தணும். கண்டியில படிச்சுக் குடுக்குற ஆளா?"

"என் வீட்டுக்காரர். பன்னெண்டு வருசமா அங்கதான் இருக்காரு."

ஜெஸீமா வயரை மெதுவாகச் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப எங்க அழுத்தணும்னு அவருக்கு நல்லாத் தெரியும் தானே," என்றாள்.