அதிபர்களின் சுதந்திரமும் அப்பாவின் மதிய ஷிப்டும்

மேடையேறி சுதந்திரத்தைப் பற்றி முழங்குகிறவர்களில் பாதிப்பேர், வீட்டில் எதற்காவது அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள். நான் அந்தப் பாதியைச் சேர்ந்தவள்.

புனேவில் வேலை கிடைத்திருந்தது. வருகிறேனா இல்லையா என்று அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் அப்பாவோ ஒரு வாரமாக "பாக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். (எங்கள் வீட்டில் "பாக்கலாம்" என்றால் பேச்சு முடிந்தது என்று பொருள்.)

அன்று சுதந்திர தினம். எங்கள் குடியிருப்பு பிளாக்கின் விழாவில் பேச நானே பெயர் கொடுத்தேன். ஊரே கைதட்டினால் அப்பா எப்படி மறுப்பார்? பொறியியல் படித்தவள் அல்லவா, உணர்ச்சியை விட்டுவிட்டுப் பேச்சுக்கு அட்டவணை போட்டேன். தலைப்பு: "உலக நெருக்கடிகளில் அதிபர்கள் எதைச் சுதந்திரம் என்றார்கள்?" (எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்துக்குக் காத்திருந்த கூட்டத்துக்கு மிகவும் ஏற்ற தலைப்பு!)

அப்பா முதல் வரிசையில், யூனிஃபார்மில். தேசத்துக்குத் தரும் மரியாதை என்று நெகிழ்ந்து போனேன்.

மற்றவர்கள் இழுத்த இழுப்பில் என் முறை வர மதியமாகிவிட்டது. மேடையேறி ஆரம்பித்தேன்.

"போர்க்காலத்தில் அதிபர்களுக்குச் சுதந்திரம் என்றால் பயமில்லாத வாழ்வு. பொருளாதாரம் சரிந்தபோது, பசியிலிருந்து விடுதலை..."

"அதத்தான் பாப்பா நாங்களும் கேக்கறோம். பொட்டலம் எப்ப குடுப்பாங்க?" என்றார் பக்கத்து வீட்டு மாமா.

அசராமல் கொள்ளைநோய்க்கு வந்தேன். "ஓர் அதிபருக்கு முகக்கவசம் போடுவது பிறர் சுதந்திரத்தைக் காப்பது. இன்னொருவருக்கு அதைக் கழற்றுவதே சுதந்திரம். ஒன்று மட்டும் பொது. தருகிறவர் மேடையில் நிற்கிறார், வாங்குகிறவர் கீழே உட்கார்ந்திருக்கிறார். நான் சொல்கிறேன், சுதந்திரம் கேட்டு வாங்குவதல்ல!"

வரிசை வரிசையாக ஆண்கள் எழுந்தார்கள். எழுந்து நின்று பாராட்டுகிறார்களே! கைகூப்பினேன். பிறகுதான் கவனித்தேன், யாரும் கைதட்டவில்லை. எல்லார் கையிலும் சாப்பாட்டுப் பை. வெளியே மதிய ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவும் வாசலை நெருங்கிவிட்டார். ஷிப்ட் முடிந்து வந்தால் ராத்திரி; நான் பதில் சொல்ல வேண்டியதோ மாலைக்குள். (பிறந்ததிலிருந்து ஷிப்ட் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த யூனிஃபார்ம் புரியவில்லை.)

பதறிப்போய் மைக்கைப் பிடித்துக் கத்தினேன்: "அப்பா! நான் புனேவுக்குப் போகலாமாப்பா?"

பக்கத்து வீட்டு மாமா, "கேட்டு வாங்கறது இல்லன்னியே பாப்பா!" என்றதும் சிரிப்பில் கூரை பிய்த்துக்கொண்டது.

"நடராசு, எதுனா ஒண்ணு சொல்லுப்பா! பஸ்ஸு நின்னுகினு இருக்குது," என்று யாரோ அப்பாவைத் தள்ளினார்கள். அப்பா நூறு முகங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போய்ட்டு வா, போ! இத வூட்ல கேக்கக் கூடாதா?"

(வீட்டில்தான் ஒரு வாரமாகக் கேட்டேன்.)

புனேவுக்கு வந்து சேர்ந்தேன். மானம் மட்டும் நெய்வேலியிலேயே தங்கிவிட்டது. இன்றும் அம்மா பக்கத்திலிருக்கும் வடலூருக்குக் கிளம்பும்போதுகூடக் கரண்டியை மைக் மாதிரி வாயருகே பிடித்து, "ஏங்க, நான் போகலாமாங்க?" என்பார். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்காது.

போன மாதம், பெங்களூரில் வேறு வேலை கிடைத்ததும் போன் செய்தேன்.

"இரும்மா, ஸ்பீக்கர்ல போடறேன். அம்மாவும் கேக்கட்டும். ம், இப்ப கேளு," என்றார் அப்பா.

"கேக்கலப்பா. சொல்றேன்."

அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"மைக்க ஆஃப் பண்ணிட்டாடி."