மறைந்தார் என்றால் உயிரோடு இருக்கிறார்

ஒரு பொது மருத்துவமனை கணினிமயமாவது எல்லோருக்கும் நல்லது. அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். திறமூல மென்பொருள்தான் இப்போது பெரிய மனிதர்கள் பேசும் சங்கதி என்று அங்கே தெரிந்துகொண்டார். எங்கெங்கோ இருக்கும் தன்னார்வலர்கள் எழுதித் தருவது. யாரும் பயன்படுத்தலாம், யாரும் குறை சொல்லலாம், யாரும் திருத்தலாம். வந்த வேகத்தில் பொருத்திவிட்டார்.

அது தமிழிலும் இருந்தது. யாரோ ஒருவர், அநேகமாகத் தூக்கக் கலக்கத்தில், மொழிபெயர்த்திருந்தார். நோயாளி டிஸ்சார்ஜ் ஆனால் திரையில் 'மறைந்தார்' என்று வரும். இறந்துபோனால் 'காலமானார்' என்று வரும். ஊழியர்கள் குழம்பக் கூடாதே என்று உடனடியாகச் சுற்றறிக்கை விடப்பட்டது: "மறைந்தார் எனில் உயிரோடு இருக்கிறார். காலமானார் எனில் மட்டுமே காலமானார். இவ்வேறுபாடு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும்." ஊழியர்கள் கடைப்பிடித்தார்கள். நோயாளியின் வீட்டுக்குத்தான் சுற்றறிக்கை போகவில்லை. குறுஞ்செய்தி மட்டும் போனது.

குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு படுத்திருந்தார் ஒரு தையல்காரர். அவர் மனைவியின் செல்போனுக்கு வந்தது: "தங்கள் உறவினர் இன்று காலை மறைந்தார். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

அந்த அம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அவளுடைய அண்ணன் அலுவலகத்திலிருந்து அடித்துப் பிடித்து ஓடிவந்தார். குட்டையாகத் தைத்துவிட்ட ஒரு கால்சட்டை விஷயமாகத் தையல்காரரோடு வெகுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர் அவர். இருவரும் அழுதபடி வார்டுக்குள் நுழைந்தபோது தையல்காரர் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"மச்சான்! என்னைப் பாக்கவா வந்தீங்க?"

"பாக்கத்தான் வந்தேன், ஆனா இப்படி இல்ல" என்றார் மச்சான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "துக்க லீவு சொல்லிட்டு வந்திருக்கேன்யா. இனிமே நீ நிஜமாவே போனாலும் எனக்கு லீவு கிடையாது."

மனைவி நேராக டிஸ்சார்ஜ் கவுண்டருக்குப் போனாள்.

"சார், இந்த வார்த்தையை மாத்துங்க."

"நாங்க எப்படிம்மா மாத்துறது? அது எங்களோடது இல்ல. திறமூலம். எல்லாருக்கும் சொந்தம்."

"அப்ப எனக்கும் சொந்தமா?"

"தாராளமா."

"சரி, தள்ளுங்க. நானே மாத்திக்கிறேன்."

"உங்களுக்குச் சொந்தம்தாம்மா. ஆனா உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே."

விஷயம் கண்காணிப்பாளர் காதுக்குப் போனது. பயனர்களின் கருத்தே திறமூலத்தின் உயிர் என்று மாநாட்டில் சொல்லியிருந்தார்கள். ஆகவே அவர் கருத்துத் தெரிவிக்கும் வாரம் ஒன்றை அறிவித்தார். 'நானும் பங்களிப்பாளன்' என்று அச்சிட்ட பனியன்கள் வழங்கப்பட்டன. ஒவ்வொரு ஊழியரும் மென்பொருள்காரர்களுக்கு ஒரு கருத்தாவது அனுப்பியே தீர வேண்டும் என்று உத்தரவாயிற்று. சுதந்திரமாகக் கருத்துச் சொல்ல வசதியாக ஒரு மாதிரியும் தரப்பட்டது: "மென்பொருள் மிக அருமை. தமிழ் தேன். குறை ஏதுமில்லை." பிணவறைக் காவலாளி முதல் தலைமை மருத்துவர் வரை அனைவரும் சுதந்திரமாக அதையே அனுப்பினார்கள்.

தையல்காரர் மனைவிக்குப் பனியன் கிடைக்கவில்லை. அவள் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் கேட்டு, மென்பொருளின் இணையப் பக்கத்தில் அடியில் சின்னதாக இருந்த 'பிழையைத் தெரிவிக்க' என்பதைக் கண்டுபிடித்தாள். என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், அதற்கு முன் எதை அழுத்தினீர்கள் என்று மூன்று கேள்விகள். அவள் எழுதினாள்:

"என் வீட்டுக்காரர் மறைந்தார் என்று வந்தது. வீடு திரும்பினார் என்று வந்திருக்க வேண்டும். நான் எதையும் அழுத்தவில்லை. அழுதேன்."

மறுநாளே பதில் வந்தது. "மிக்க நன்றி அம்மா. இவ்வளவு தெளிவாக யாரும் எழுதியதில்லை. ஆனால் ஒரு சிக்கல். உங்கள் மருத்துவமனையிலிருந்தே முந்நூறு பேருக்கு மேல் தமிழ் தேன் என்று எழுதியிருக்கிறார்கள். வேறு யாருக்காவது இது நடந்திருந்தால், கீழே 'எனக்கும்' என்பதை அழுத்தச் சொல்லுங்கள்."

கவுண்டர்காரரிடம் கேட்டாள். "தப்புதாம்மா, யாரு இல்லேன்னா? ஆனா அருமைன்னு கையெழுத்துப் போட்ட கையால குறைன்னு எப்படி அழுத்துறது?" என்றார் அவர். செய்தி வந்த மற்ற வீடுகளுக்கும் போனாள். "ஆமா, எங்களுக்கும் வந்துச்சு. விழுந்து விழுந்து அழுதோம். அதான் ஆளு வந்துட்டாருல்ல, விடுங்க" என்றார்கள்.

கடைசியில் மச்சான்தான் அழுத்தினார். லீவு போன ஆத்திரத்தில் தன் அலுவலகம் முழுவதையும் அழுத்த வைத்தார். சொல் மாறியது. வெற்றியைக் கொண்டாடக் கண்காணிப்பாளர் இன்னொரு பனியன் அடித்தார்.

சில மாதம் கழித்து, தையல்காரருக்கு மறுபக்கமும் குடலிறக்கம். அறுவை முடிந்து, பையோடு வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறியது. வீட்டுக்குப் போன் செய்தார்.

"வீடு திரும்பினார்னு மெசேஜ் வந்துச்சே! வழியில வந்துட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள் மனைவி. "துணி ஊற வச்சிருக்கேன். ஒரு ஆட்டோ பிடிச்சு வந்துடுங்களேன்."

மச்சானுக்குப் போன் செய்தார். "திரும்பியாச்சுல்ல? சந்தோஷம்" என்று வைத்துவிட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பெருமூச்சு விட்டார். "போன தடவை என்னைக் கூட்டிட்டுப் போக ரெண்டு வேன் வந்துச்சு தம்பி. பேசாத மருமக கூட என் காலைப் பிடிச்சுக் கதறினா. இன்னிக்குப் பையத் தூக்க நாதியில்ல."

 தையல்காரர் செல்போனில் அந்த மென்பொருளின் பக்கத்தைத் திறந்து, அடியில் சின்னதாக இருந்ததைத் தேடிப் பிடித்து எழுதினார்: "பழைய சொல்லையே போடுங்கள் ஐயா. அப்போதுதான் வீட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்."

யாரும் உத்தரவு போடவில்லை, மாதிரி தரவில்லை. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் 'எனக்கும்' அழுத்தினார்கள். அன்று மாலைக்குள் உள்ளே வார்டுகளில் படுத்திருந்தவர்களும் அழுத்தினார்கள். கணினி தெரியாத பயனர்கள் இத்தனை பேர் தாமாக முன்வந்து பங்களித்தது இதுவே முதல் முறை என்று மென்பொருள்காரர்கள் நெகிழ்ந்து நன்றி தெரிவித்து, சொல்லை மாற்றிக்கொடுத்தார்கள்.

இப்போது வாசல் பெஞ்சு காலியாகவே கிடக்கிறது.