குதிருக்கு மேலே ஒரு பலூன்

லிண்டன் ஃபோர்க், இல்லினாய்
அக்டோபர் 9, புதன்கிழமை

மதிப்பிற்குரிய ஆர்விட் பெரியப்பாவுக்கு,

சனிக்கிழமை காலை நான் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்: “கோல் கோடு எது?” நலம் விசாரிப்பதற்கு முன்பே இதை எழுதி வைக்கிறேன். இரண்டாம் பக்கத்துக்குப் போனால் எழுதும் தைரியம் எனக்கு இருக்காது. இனி முறைப்படி: இங்கே நானும் அப்பாவும் நலம். அரிசோனாவில் தங்களுடைய புது முழங்காலும் லோயிஸ் பெரியம்மாவும் நலமென்று நம்புகிறேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் குதிர் வென்றுவிட்டது. முப்பத்தோரு வருடம் நீங்கள் மேலாளராக இருந்த கூட்டுறவுத் தானியக் குதிர் என்ற அந்தக் கான்கிரீட் கோபுரத்தை, ஆகஸ்ட் தோறும் ஊர்ப் பத்திரிகையில் வரும் உயரமான ஐந்து கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நீங்கள் எழுதிய இருபத்திரண்டு கடிதங்களையும், ‘மாடி இல்லாதது கட்டடம் ஆகாது’ என்று ஆசிரியர் கிளைட் பெட்டிஜான் இருபத்திரண்டு முறை அச்சிட்ட ஒற்றை வரியையும் படித்து வளர்ந்தவள் நான். நூற்றெழுபத்தாறு அடிக் குதிர் வெளியே நிற்க, நூற்று நாற்பத்தெட்டு அடி மாணவர் விடுதி முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. இப்போது ரெயில் பாதைக்கு இந்தப் பக்கம், குதிருக்கு நேர் எதிரே, நூற்றறுபத்தைந்து அடியில் பதினைந்து மாடி வரப்போகிறது என்று நான் தொலைபேசியில் சொன்னேன். “பதினோரு அடி வித்தியாசம் எவன் கண்ணுக்கும்மா தெரியும்? இனி ஊர்லயே உசரம் எதுன்னா அதத்தான் காட்டுவானுங்க. அது வந்தப்புறம் எனக்குப் பத்திரிகை அனுப்பாத” என்றீர்கள். இதற்கு முன் பத்திரிகை வேண்டாமென்று நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஆறு மாடிக்கு மேல் கட்டுகிறவர் அந்த உயரத்தில் ஒரு பலூனைப் பறக்கவிட்டு ஊருக்குக் காட்ட வேண்டும் என்பது நகராட்சி விதி. பறக்கவிடுவது எங்கள் திட்ட அலுவலகத்தின் வேலை. அதாவது என் மேலதிகாரி டுவேன் கிராஸும் நானும். காலை ஏழு மணிக்கு, கயிறு அளக்கும் முன்னூறு அடி டேப் தீயணைப்பு நிலையத்துக்கு இரவல் போய்த் திரும்பவில்லை என்று தெரிந்தது. டுவேன் அசரவில்லை. “டேப் எதுக்கும்மா இங்க்ரிட்? இந்த ஊர்ல ஒழுங்கா அளந்து கோடு போட்ட எடம் ஒண்ணே ஒண்ணுதான இருக்கு” என்று என்னைக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு அழைத்துப் போனார். நம் அணி வெளியூர் போயிருந்ததால் மைதானம் சும்மா கிடந்தது. “நீ இந்த நுனியப் புடிச்சிட்டு கோல் கோட்டுல நில்லு. நான் அம்பது கெஜக் கோட்டத் தாண்டி இன்னும் அஞ்சு கெஜம் போயி முடிச்சுப் போடறேன். அம்பத்தஞ்சு கெஜம், நூத்தி அறுபத்தஞ்சு அடி, வேல முடிஞ்சது” என்றார். கல்லூரிக் காலத்தில் நான்கு வருடம் அந்தப் புல்லில் உதைபட்டவர் அவர். நானோ எட்டு வயதிலிருந்து அப்பாவோடு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போய், மடியில் புத்தகம் வைத்துப் படித்துவிட்டு வந்தவள். லிண்டன் ஃபோர்க்கில் பிறந்து இருபத்தாறு வயதான ஒருத்தி கோல் கோடு எதுவென்று கேட்பது, தேவாலயத்தில் பீடம் எந்தப் பக்கம் என்று கேட்பது மாதிரி. அதனால் கேட்காமல் யோசித்தேன். கோல் கம்பம் இருக்கும் இடத்தில்தானே கோல் கோடு இருக்க வேண்டும்? கம்பத்தின் கீழிருந்த கோட்டில் போய் நிமிர்ந்து நின்றேன். யோசித்துச் செய்தது என்ற திருப்தி கூட இருந்தது, பெரியப்பா.

பத்து மணிக்கு மனையில் இருநூறு பேர். மடக்கு நாற்காலி, டோனட், காபி, குதிருக்குச் சோளம் கொண்டுவந்து வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் என்று திருவிழா மாதிரி இருந்தது. பலூன் கடையில் பெரிய அளவில் ஊதா நிறம்தான் கிடைத்ததாம். ஊதா நம் பரம எதிரிக் கல்லூரியின் நிறம் என்பது டுவேனுக்குக் கடையில் தோன்றவில்லை. பலூன் தரையை விட்டு எழும்பும் முன்பே கூட்டம் ஊளையிடத் தொடங்கிவிட்டது. “அந்தக் கலர்ல கட்டப் போறதில்லைங்க” என்று சிகாகோவிலிருந்து வந்திருந்த கட்டட நிறுவனத்து இளைஞர் ப்ரெஸ்டன் சொல்லிப் பார்த்தார். “முதல்ல கலர்ல ஆரம்பிப்பீங்க” என்று ஒரு லாரிக்காரர் ஜன்னல் வழியாக எச்சரித்தார். அதற்குள் யாருடைய நாயோ கயிற்றைக் கவ்விக்கொண்டு ஓட, அதன் பின்னால் டுவேன் ஓட, பலூன் தலைக்கு மேலே குனிந்து குனிந்து கும்பிடு போட்டது. ஒருவழியாகக் கயிற்றை நகராட்சி லாரியின் கொக்கியில் கட்டி மெதுவாக விட்டோம்.

காற்றே இல்லை. பலூன் நேராக ஏறியது. விடுதியின் உயரத்தைத் தாண்டியது. சரி. உங்கள் குதிரின் உச்சிக்குப் பதினோரு அடி கீழே நிற்க வேண்டும். உங்கள் நூற்றெழுபத்தாறு எனக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம். நிற்கவில்லை. உச்சியைத் தாண்டியது, இன்னும் தாண்டியது, முடிச்சு கொக்கிக்கு வந்தபோது குதிரின் தலைக்கு மேலே, ஊதா நிறத்தில், எகத்தாளமாக ஆடிக்கொண்டு நின்றது. கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “எனக்கென்னவோ இருநூறு கிட்டத் தெரியுதே டுவேன்” என்றார். “கட்டைவிரல் பொய் சொல்லும் சார், கயிறு சொல்லாது” என்றார் டுவேன். ப்ரெஸ்டன் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த ஆட்டத்தில் கம்பத்தின் கீழே இருப்பது மைதானத்தின் எல்லைக் கோடு. கோல் கோடு அதற்குப் பத்து கெஜம் உள்ளே இருக்கிறது. நம் கயிறு முப்பது அடி கூடுதல்.

வாயைத் திறந்தேன், பெரியப்பா. சத்தியமாகத் திறந்தேன். அந்த நொடியில் பக்கத்தில் நின்ற கிளைட் பெட்டிஜான், கையில் பாதி டோனட்டோடு, எல்லோருக்கும் கேட்க, “என்னய்யா அநியாயம் இது? குதிருக்கு மேல போகுது. ஊர்லயே உசந்த கட்டடம் அது. அதுக்கு மேல எவனாவது கட்டுவானா?” என்றார்.

கட்டடம் என்றார். காபி ஊற்றிக்கொண்டிருந்த மார்ஜ் ஓல்சன் அதைப் பிடித்துக்கொண்டார். “ஏன் கிளைட், ராத்திரியோட ராத்திரியா அதுக்கு மாடி மொளச்சிருச்சா?” கூட்டம் சிரித்தது. கிளைட்டின் காது சிவந்தது. ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. “இருக்கிறத இருக்குன்னு சொல்றதுல என்ன?” என்றார். பிறகு ஒவ்வொருவரும் குதிரின் பெயரைச் சொல்லியே பேசினார்கள். குதிருக்குக் கீழே என்றால் சரி, மேலே என்றால் விடமாட்டோம். விடுதியை யாரும் சொல்லவில்லை, மணிக்கூண்டை யாரும் சொல்லவில்லை. அன்று காலை இந்த ஊர் முழுவதும் உங்களை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. அந்தப் பெருமையில் நிற்பவள் முப்பது அடியைப் பற்றி எப்படிப் பேசுவாள்? வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று நகர்மன்றத்தில் ஏழு பேரும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள்: கூட்டுறவுத் தானியக் குதிரின் உயரத்துக்கு மேல் இந்த ஊரில் எந்தக் கட்டடமும் எழக் கூடாது. பட்டியலைத் திருத்தி வெளியிடுவதாகக் கிளைட் எழுந்து அறிவித்தார். ப்ரெஸ்டனுக்கும் நஷ்டமில்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். அவருடைய நூற்றறுபத்தைந்து உங்கள் நூற்றெழுபத்தாறுக்குக் கீழேதான். அவர் முதலில் வரைந்ததை அப்படியே கட்டலாம். யாருக்கும் எதுவும் கெட்டுப்போகவில்லை, ஆகவே இதை உங்களைத் தவிர யாரிடமும் நான் சொல்லப்போவதில்லை. படித்ததும் கிழித்துவிடுங்கள். பெரியம்மாவிடம் காட்ட வேண்டாம், அவர் தேவாலயத்துத் தோழிகளுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டுவார்.

மருத்துவர் சொன்ன நடையை விடாமல் நடங்கள். கடவுள் உங்கள் இருவரையும், இரண்டு முழங்கால்களையும் காக்கட்டும்.

பணிவன்புள்ள,
இங்க்ரிட்

பின்குறிப்பு, அக்டோபர் 25: இந்தக் கடிதத்தை நான் அன்று அஞ்சலில் சேர்க்கவில்லை. டுவேனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். எழுதிய மறுநாள் டுவேன் என் பணிக் கோப்பில் ‘துல்லியமான வேலை’ என்று கையெழுத்துப் போட்டுப் பாராட்டுக் குறிப்பு வைத்தார். ஒரு மணி நேரம்கூடத் தாங்க முடியவில்லை. அவர் கதவைச் சாத்திவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “பதினெட்டு வருஷமா அங்க உக்காந்து என்னம்மா பார்த்த?” சென்ற சனிக்கிழமை மறுபடி பலூன் விட்டோம், சிவப்பு, முறையான டேப்பால் அளந்த கயிறு. தீர்மானத்தில் குதிரின் உயரம் வருவதால் நில அளவையாளரை அழைத்து அதையும் அளந்தார்கள். நூற்றறுபத்து மூன்று அடி. அவர் இரண்டு முறை அளந்தார். குதிரின் உச்சியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏற்றும் கம்பம் பதின்மூன்று அடி, பெரியப்பா. அதை நீங்கள் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள். புதிய கட்டடம் நிஜமாகவே இரண்டு அடி மேலே போகிறது, தீர்மானம் அப்படியே இருக்கிறது. ப்ரெஸ்டன் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை இரண்டு அடி குறைத்து வரைந்து கொடுத்தார்.

நேற்றைய பத்திரிகையில் பட்டியல் வந்தது. முதலிடம், கூட்டுறவுத் தானியக் குதிர், 163 அடி.