தூங்கின காது

உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறவனை வீடு சோம்பேறி என்கிறது. விசேஷ வீடாக இருந்தால் குடிகாரன் என்கிறது. எனக்கு இரண்டு பட்டமும் கிடைத்திருக்கின்றன. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறேன். (வகுப்பில் தூங்கிய பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டு, நாற்காலியில் நான் தூங்கிய நாட்கள் உண்டு. நல்ல பிள்ளைகள், எழுப்பவில்லை.)

நாற்பது வயதில் அலுப்பு ஒன்றுதான் என் சொத்து. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால், எட்டு மணி நேரம் மூட்டை சுமந்த மாதிரி இருக்கும். என் குறட்டையைப் பற்றி மனைவி செல்வி என்ன சொன்னாலும், "உடம்புச் சூடு" என்று ஒரே பதில் வைத்திருந்தேன். சூட்டுக்கு எங்கள் பக்கத்தில் மருந்து தேடி அலைய வேண்டாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்து அருவியில் போய் நின்றால் போதும்.

ஆனி மாதம் என் தங்கை கோமதியின் மகளுக்குக் காதுகுத்து. கடையம் பக்கம் அவர்களுடைய சாஸ்தா கோவில். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு ஒரே தங்கை, ஒரே மருமகள். அன்றைக்காவது தெளிவாக இருப்போம் என்று காலையிலேயே குற்றாலம் போய், தலை கொள்ளாத நல்லெண்ணெயோடு அருவியில் நின்றேன். எண்ணெய்க் குளியல் போட்டால் பகலெல்லாம் கண்ணைச் சொருகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூகோள வாத்தியாருக்குத் தெரியவில்லை.

ஆசாரி வலது காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டது ஞாபகம் இருக்கிறது. அடுத்தது ஞாபகம் இல்லை. ஆசாரி இடது காதுக்குத் திரும்புவதற்குள் நான் குறட்டை விட்டேனாம். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாராம். என் கை தளர்ந்து, பிள்ளை மடியிலிருந்து சரிய, ஆசாரிதான் ஒரு காலைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். கீழே கருங்கல் தரை.

"தாய்மாமன் காலையிலயே ஊத்திட்டு வந்துட்டாருல்லா" என்றார் கோமதியின் மாமியார்.

கோமதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "அண்ணே, ஊது."

ஊதினேன். சாஸ்தா சாட்சியாக, சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் சாட்சியாக ஊதினேன்.

மாமியாரும் முகர்ந்து பார்த்தார். "எண்ணெ வாசம்தான் வருது. மத்தத மறைக்கத்தான இம்புட்டு எண்ணெ!"

இன்னொரு காதைத் தாத்தா மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்றார்கள். கோமதி பிள்ளையோடு வெளியே போய்விட்டாள். அன்றோடு என்னோடு பேச்சும் நின்றது. மேலகரத்தில் அவள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் குற்றாலம் போக வேண்டும் என்பதால், எனக்கு அருவியும் போயிற்று.

ஐப்பசியில் கடைவாய்ப்பல் விண்டது. பல் டாக்டரம்மா ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று நாற்காலியைச் சாய்த்துவிட்டார். கண் விழித்தபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், பல்லுவலியோட வந்து இப்படித் தூங்கின ஆள இப்பத்தான் பாக்கேன். நடுநடுவுல மூச்சு நிக்குது. பல்லக் கடிச்சுக் கடிச்சுத் தேச்சு வச்சிருக்கிய. கீழ்த்தாடையும் உள்ள தள்ளி இருக்கு. தூங்கும்போது நாக்கு பின்னால போய் மூச்ச அடைக்கும். வீட்ல யாரும் கவனிக்கலயா?"

வெளியே காத்திருந்த செல்வியை உள்ளே கூப்பிட்டார்கள். "கொறட்டை சத்தத்துல நான் தூங்கிருவேன் டாக்டர். அது நின்னாத்தான் பயம். எந்திச்சு உக்காந்து, மூச்சு எப்ப வருதுன்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

எத்தனை வருஷமாக என்று டாக்டரம்மா கேட்டார். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். (அதைத்தான் நான் சூடு என்று எண்ணெய் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.) எனக்கு வெட்கமாக இருந்தது.

நெஞ்சு டாக்டரிடம் அனுப்பினார். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகு டாக்டரம்மாவே அளவெடுத்து ஒரு கிளிப் செய்தார். தூங்கும்போது பல்லில் மாட்டினால் கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கும். முதல் வாரம் தலையணை நனைந்தது. காலையில் இட்லியை மெல்ல மேல் பல் கீழ்ப் பல்லைத் தேடியது. மூன்றாவது வாரம் ஒரு பீரியட் முழுவதும் விழித்திருந்து பாடம் நடத்தினேன். பையன்கள்தான் அலுத்துப்போனார்கள்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மேலகரம் போனேன். கோமதி இரண்டு தரம் படித்தாள்.

"இத முன்னமே பாக்கக் கூடாதா அண்ணே? தாத்தா மடியில குத்திருவோம்னு எங்க அத்தை தெனமும் சொல்லுதாவ. எங்க அண்ணன் மடியிலதான்னு சொல்லிட்டேன்."

உள்ளேயிருந்து பிள்ளை ஓடிவந்தாள். வலது காதில் மட்டும் கம்மல். கோமதி என்னோடு பேசாமல் இருந்த அத்தனை மாதமும், என் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தை மாதம் இடது காது. ஆசாரி ஊசியைத் தொடுவதற்கு முன்னால் கேட்டார்: "அண்ணாச்சி, நல்லாத் தூங்கினியளா?" கோமதி காதைப் பார்க்கவில்லை, என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் இப்போது நான்காம் வகுப்பு. இரண்டு ஓட்டையும் ஒரே மட்டத்தில் அமையவில்லை; ஜிமிக்கி போட்டால் ஒரு பக்கம் இறங்கித் தொங்கும். யார் கேட்டாலும் தொட்டுக் காட்டுகிறாள்: "இது மாமா தூங்கின காது. இது மாமா முழிச்ச காது."